அவிழ்க்காத சாமான்கள்

நான் கண்டிக்கு வந்தது மூன்று மாதத்துக்கு. அப்படித்தான் என் கணவர் சொன்னார், நானும் நம்பினேன். கலியாணம் முடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில் ரயிலேறி, பொல்காவலையில் இறங்கி வேறு ரயிலுக்கு மாறி, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறிய அந்தப் பயணத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. யன்னலுக்கு வெளியே எங்கு பார்த்தாலும் பச்சை. செம்மண்ணையும் பனையையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது கொஞ்சம் அதிகம். நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்க, கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்த என் புது மாப்பிள்ளை எனக்குத் தேறுதல் சொன்னார். இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டாயிற்றாம். வருகிற மாதமோ அதற்கடுத்த மாதமோ யாழ்ப்பாணம் கிடைத்துவிடுமாம். ஆகையால் இந்த ஊரைப் பெரிதாக மனத்தில் எடுக்க வேண்டாமாம்.

அது இருபதுகளின் நடுப்பகுதி. முப்பதுகளின் நடுப்பகுதியிலும் நாங்கள் கண்டியில்தான் இருந்தோம்.

அம்பிட்டியவுக்கு ஏறுகிற வீதியோரத்தில் எங்கள் வாடகை வீடு. இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் ஒடுங்கிய ஒரு விறாந்தை. நான் கொண்டுவந்த சீதனச் சாமான்கள் முன்னறையில் இறங்கின. இரண்டு றங்குப் பெட்டி, சாக்கில் கட்டிய பித்தளைப் பாத்திரங்கள், பாயில் சுருட்டிய படுக்கை, இன்னும் சில மூட்டைகள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக அவிழ்க்கப் போனேன். அவர் பதறிப்போய்த் தடுத்தார்.

"அவிழ்த்துப்போட்டுப் பிறகு ஆர் கட்டுறது? தேவையானதை மட்டும் எடும்."

தேவையானது என்றால் ஒரு பானை, இரண்டு சட்டி, இரண்டு தட்டு, ஒரு விளக்கு. மனிதன் உயிர்வாழ எவ்வளவு குறைவாகப் போதும் என்பதை முனிவர்கள் காட்டுக்குப் போய்க் கற்றார்களாம். நான் ஒரு கிளாக்கரைக் கட்டிக் கண்டியில் கற்றேன்.

அவரை மட்டும் குறை சொல்லக்கூடாது. அந்நாளில் கண்டியில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணக் குடும்பங்கள் அநேகமாக எல்லாமே இப்படி ஒற்றைக் காலில்தான் நின்றன. யாரும் புதிதாக ஒரு கதிரைகூட வாங்கமாட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு இடமாற்றம் வந்தால் அவர்களுடைய மேசையும் கட்டிலும் அம்மியும் அடுத்த குடும்பத்துக்குப் போகும். அவர்களுக்கு வந்தால் அதற்கடுத்த குடும்பத்துக்கு. எங்களுக்குக் கிடைத்த மேசையின் காலில் யாரோ ஒரு பிள்ளை ஆணியால் தன் பெயரைக் கீறியிருந்தது. அது எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டால், எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கே இப்போது பிள்ளை இருக்கும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஆண்கள் முன்னறையில் தேத்தண்ணீரும் கையுமாக இருந்து, இடமாற்றத்தில் யாருக்கு மன்னார் அடித்தது, யாருக்கு மட்டக்களப்பு அடித்தது, யாருடைய மைத்துனன் கொழும்பில் யாரைப் பிடித்தான் என்று ஆராய்வார்கள். நாங்கள் குசினியில் இருந்து அதையே ஆராய்வோம். நாங்கள் இருந்த கண்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை, மழையைத் திட்டுவதைத் தவிர. ஒருமுறை பெரஹரா ஊர்வலம் பார்க்க ஊரிலிருந்து வந்த என் பெரியப்பா முன்னறையில் கட்டிக்கிடந்த சாமான்களைக் கண்டு, நாங்கள் அன்றைக்கே புறப்படுகிறோம் என்று நினைத்துத் தன் குடையையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். அவரை உள்ளே கூட்டிவந்து விளக்கம் சொல்ல எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. வீட்டுக்காரருக்குப் பட்டணத்தில் புடவைக்கடை. பூட்டன் காலத்திலிருந்தே அவர்கள் கண்டிதான். என்னைவிட மூத்தவளான அந்த வீட்டுப் பெண்ணை அவர்கள் வழக்கப்படி ராத்தா என்று கூப்பிடுவேன். அக்கா என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ராத்தாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனம் அதைவிட நீளம். எங்கள் முன்னறையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும்.

"நீங்க ஒரு சாக்க அவுக்க முந்தி நாங்க ஒரு ஊட்டையே கட்டி முடிச்சிட்டோம் புள்ள" என்றாள் ஒருநாள். பொய்யில்லை. அவர்கள் பின்பக்கத்தில் இரண்டு அறை கூட்டிக் கட்டியிருந்தார்கள்.

முருங்கை விஷயத்தையும் சொல்லவேண்டும். முருங்கையிலை இல்லாமல் யாழ்ப்பாணத்து நாக்கு எத்தனை நாள் தாங்கும்? ராத்தா எங்கிருந்தோ ஒரு தடி வெட்டிவந்து, எங்கள் வளவில் நடச் சொன்னாள். அவர் கண்டுவிட்டார். அது காய்க்கும்போது நாங்கள் இங்கே இருக்கப்போவதில்லை, யாரோ தின்பதற்கு நாம் ஏன் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ராத்தா அந்தத் தடியை வேலிக்கு அந்தப் பக்கம், தன் வளவில் ஊன்றினாள். அது பிடித்து, வளர்ந்து, பூத்து, வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் சாய்ந்தது. அந்த மரத்துக் காயை என் கணவர் வருடக்கணக்காகச் சாப்பிட்டார். குழம்பு நல்லாயிருக்கிறது என்று வேறு சொல்லுவார். அந்த நேரங்களில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இதற்கிடையில் மகள் பிறந்தாள், பிறகு மகன் பிறந்தான். இரண்டும் அந்த றங்குப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகின.

சாமான் கட்டிக்கிடந்தால் கிடக்கட்டும். என்னால் பொறுக்கமுடியாதது வேறொன்று. எனக்குப் படிப்பிக்க ஆசை. கலியாணத்துக்கு முன் ஊரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் படிப்பித்தேன். எழுதத் தெரியாமல் வந்த பிள்ளை தன் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்குமே, அந்த ஒரு பார்வைக்காக நான் எவ்வளவு தூரமும் நடப்பேன். சில பெண்களுக்கு நகை ஆசை இருக்கும், எனக்கு இது. கண்டியில் பெண் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடங்களில் தமிழ் படிப்பிக்க ஆள் தேடுகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் அடிக்கடி அடிபடும். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். போகப்போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டு, அவர்களை நட்டாற்றில் விடுவது அழகா என்று கேட்பார். மற்றவர்களை நட்டாற்றில் விடுவதில் அவருக்கு இருந்த கவலை பெரிய கவலை.

கடைசியில் வழி திறந்தது ராத்தாதான். தன் மகள்மாருக்குத் தமிழ் எழுத வாசிக்கச் சொல்லிக்கொடு என்று கேட்டாள். பின்விறாந்தையில் பாயை விரித்து ஆரம்பித்தேன். அவளுடைய பிள்ளைகளோடு மச்சாளின் பிள்ளைகள் வந்தன, பிறகு வீதிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் வந்தன. என் கணவர் கந்தோரிலிருந்து வரும்போது வாசலில் கிடக்கும் செருப்புகளைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டியிருந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. பிள்ளைகள் ஒரே குரலில் பாடம் சொல்லும்போது முன்னறையில் அவர் கால் தாளம் போடுவதை நான் கண்டிருக்கிறேன்.

அந்தச் செருப்புகளின் கதை பட்டணத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமை ஆசிரியை காதுவரை போனது. அவர் கலியாணம் செய்யாதவர், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண், பேச்சில் சீனியும் இல்லை, புளியும் இல்லை. கீழ்வகுப்பு ஆசிரியை ஒருவர் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறார், தற்காலிகமாக வரமுடியுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். தற்காலிகம்! என் கணவரின் மனக்கதவைத் திறக்கிற ஒரே திறப்பு அந்தச் சொல்தான். அதோடு உலகமே கையைச் சுருக்கிய காலம் அது. அரசாங்கம் சம்பளத்தில் கைவைத்துக்கொண்டிருந்தது, சிலரை வயதுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியது. கல்லில் செதுக்கியது போல் இருந்த கோறணமேந்து என்று நாங்கள் சொல்லும் அரசாங்க உத்தியோகம் லேசாக ஆடுவதைக் கண்ட என் கணவர், தற்காலிகம்தானே, போய்வாரும் என்றார்.

போனேன். பிள்ளைப்பேற்றுக்குப் போன ஆசிரியை திரும்பி வரவில்லை. தவணைக்குத் தவணை என்னைத் தற்காலிகமாக நீட்டிக்கொண்டே போனார்கள். காலையில் குடையும் கையுமாக மலையிறங்கி, வாவிக்கரையால் நடந்து பள்ளிக்கூடம் போவேன். முன்பு திட்டித் தீர்த்த அந்தப் பனியும் மழையும் பிறகு என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒருநாள் போகிற வழியில் எனக்கு ஒரு பயம் வந்து, நடை நின்றுவிட்டது. இடமாற்றம் உண்மையாகவே வந்துவிட்டால்?

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. கண்டிக்கு வந்த புதிதில் ஊர் நினைவில் அழுது, பட்டணத்துப் பிள்ளையார் கோயிலில் நேர்த்தி வைத்திருந்தேன். யாழ்ப்பாணம் கிடைத்தால் மோதகம் அவித்துப் படைப்பேன் என்று தொடங்கி, வருடா வருடம் ஏற்றிக்கொண்டே போய், பொங்கல், அபிஷேகம், புதுப்பட்டு என்று கடவுளே மறுக்கமுடியாத அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன். இப்போது அதை எப்படித் திரும்பப் பெறுவது? வெட்கத்தை விட்டு ஐயரிடம் கேட்டேன். வைத்த நேர்த்தியைத் திரும்ப எடுக்கிற வழக்கம் இல்லை, ஆனால் பிள்ளையாருக்கு அவசரம் கிடையாது, பயப்படாதே என்றார். நல்ல மனிதர். நான் அன்றிலிருந்து கோயிலுக்குப் போனால் கும்பிட்டுவிட்டு, முந்திக் கேட்டதை மனத்தில் வைத்திருக்கவேண்டாம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வருவேன்.

அப்படி இருக்கும்போதுதான் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். ஒரு நிரந்தர இடம் வந்திருக்கிறது, உமக்குத் தர விருப்பம், ஆனால் மூன்று வருடம் இடையில் விட்டுப்போவதில்லை என்று வாக்குத் தரவேண்டும், தவணை முடிவதற்குள் பதில் சொல்லும் என்றார். மூன்று வருடம்! எங்கள் வீட்டில் மூன்று மாதத்துக்கு அங்கால் யாரும் எதையும் நினைத்ததே இல்லை. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். அவர், கொஞ்சம் பொறும், இந்த முறை யாழ்ப்பாணம் நிச்சயம் என்றார். எனக்கு அழுகை வந்தது. தவணை முடிய இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. முடியாது என்று சொல்லப்போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் கந்தோரில் வேலை செய்யும் இளைய கிளாக்கர் ஒருவர் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர்களுக்கு யாழ்ப்பாணம் கிடைத்திருந்தது, பயணம் சொல்ல வந்திருந்தார்கள். ஒரு சீப்புக் கதலிப்பழத்தை என் கையில் தந்துவிட்டு அந்த மனிதர் கண் கலங்கி நின்றார்.

"உங்கட பெரிய மனசுக்கு நாங்கள் என்ன செய்யப்போறம், அக்கா. கிடைச்ச யாழ்ப்பாணத்தை வேண்டாமெண்டு எங்களுக்கு விட்டுத்தந்தனீங்கள். முந்தியும் ரெண்டு மூண்டு பேருக்கு விட்டுக்குடுத்தனீங்களாம். ஆர் செய்வினம்?"

நான் கதலிப்பழத்தைப் பிடித்தபடி என் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். அந்தக் கூரையில் பார்க்க ஒன்றுமில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, சிரித்து, பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லி வழியனுப்பினேன். அது எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அவர்கள் படலையைத் தாண்டியதும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். மெல்ல மெல்லத்தான் வந்தது. யாழ்ப்பாணம் ஒருமுறை அல்ல, பலமுறை கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இவர் யாராவது ஒருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, வருகிற மாதம் நிச்சயம் என்று சொல்லியிருக்கிறார். ஏன்?

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். எனக்குத் தந்த வீட்டில் அம்மாவும் இருந்தார். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே காலமாகிவிட்டார், அதன்பின் அந்த வீடும் வளவும் கிணறும் வேலிக் கதியாலும் அம்மாவின் சொல்லுக்குத்தான் அசைந்தன. மாமியும் மருமகனும் முகம் கொடுத்துப் பேசாத காலம் அது. கலியாணம் முடிந்த கிழமை, அவர் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, அவருக்கு இன்னும் ஒரு இடியப்பம் வேணுமோ என்று கேள் பிள்ளை என்பார். அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டு, போதுமாம் என்று சொல்லும் என்பார். நான் நடுவில் நின்று இருவருக்கும் மொழிபெயர்ப்பேன். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. அவருக்கு அது சிறையாக இருந்திருக்கிறது.

"அங்கை நான் மருமோன். இஞ்சை நான் மனிசன்" என்றார்.

"பிறகேன் சாமானை அவிழ்க்க விடேல்லை?"

"அவிழ்த்தால் இஞ்சையே நிண்டிடுவம். கட்டிவைச்சால் எண்டைக்கோ ஒருநாள் போவம். எனக்கு ரெண்டும் பயம்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. விசரோ இந்த மனிசனுக்கு என்று நெஞ்சு கொதித்தது. நான் அழுத அழுகை, ஒத்திப்போட்ட வேலை, பூஞ்சணம் பிடித்த சேலைகள் எல்லாம் கண்முன் வந்தன. ஒரு கிழமை நான் அவரோடு பேசவில்லை. கோபத்தில் சமைத்தால் என் கறி நன்றாக வரும். அந்தக் கிழமை முழுவதும் அவர் நன்றாகச் சாப்பிட்டார். இடையில் கோயிலுக்குப் போனபோது ஒன்று தோன்றியது. இத்தனை வருடமும் நான் ஒரு பக்கம் நின்று யாழ்ப்பாணம் தா என்று கேட்க, இவர் ஆண்கள் பக்கம் நின்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தராதே என்று கேட்டிருக்கிறார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு. பிள்ளையார் இரண்டையும் கிடப்பில் போட்டுவிட்டு இருந்திருக்கிறார். எனக்குச் சந்நிதியில் நின்றபடியே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நாள் தலைமை ஆசிரியையிடம் போய் வாக்குக் கொடுத்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து எல்லா மூட்டைகளையும் இழுத்துப் போட்டு அவிழ்த்தேன். அவர் தடுக்கவில்லை, கத்தி எடுத்துவந்து கயிறுகளை அறுத்தார். கூறைச் சேலையைப் பூச்சி அரித்திருந்தது. குத்துவிளக்கு பச்சை பிடித்திருந்தது. ராத்தா வந்து எட்டிப்பார்த்துவிட்டு, போய்ப் பழப்புளி கொண்டுவந்து என்னோடு இருந்து பித்தளை விளக்கினாள். அந்த மாதமே என் கணவர் ஒரு புது அலுமாரி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அந்த வீட்டில் நாங்கள் மிகச் சந்தோஷமாக இருந்தது அந்தச் சில மாதங்கள்தான்.

பிறகு இடமாற்றம் வந்தது. யாழ்ப்பாணம். இந்த முறை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது, கட்டாயம் போயாகவேண்டும் என்று வந்தது. இத்தனை முறை விட்டுக்கொடுத்த தியாகியை மேலே யாரோ இரக்கப்பட்டு நினைத்திருக்கிறார்கள். என் கணவர் முதல்முறையாக வெளிப்படையாகப் போய், எனக்கு வேண்டாம் என்று மன்றாடிப் பார்த்தார். அவர் அடக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துத் தோளில் தட்டி அனுப்பினார்களாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வாழ்த்துச் சொல்ல வந்தது. அலுமாரியை யார் எடுப்பது என்று குசினியில் பேச்சுத் தொடங்கியது.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமை ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. நீர் போனால் இடம் வேறொருவருக்குப் போகும், திரும்பிக் கேட்டால் இராது என்று மட்டும் சொன்னார். வாவிக்கரையால் திரும்பி நடக்கும்போது, அன்றைக்கென்று மழை இல்லை, என் முகத்தை மறைக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கணவர் போனால் திரும்ப எப்போது வருவார்? ஒரு பெண் பிள்ளைகளோடு தனியே இருந்தால் ஊர் என்ன சொல்லும்? மூன்று வருடம் கழித்து நாங்கள் கணவன் மனைவியாக இருப்போமா? எதற்கும் பதிலில்லை. ஆனால் பதில் தெரிந்த பிறகு வாழலாம் என்று இருந்து பார்த்தவள் நான்தானே. வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் காத்திருப்பு அலுத்துவிட்டது.

"நீங்கள் போட்டு வாங்கோ. நான் இஞ்சை நிக்கிறன்" என்றேன்.

அவர் முதலில் ஊர் என்ன சொல்லும் என்றார். பத்து வருடமாக நான் வருகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்த ஊர்தானே, இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்றேன். பிறகுதான் அவருக்கு உண்மையான பயம் வந்தது. "நீரும் இல்லாமல் நான் அந்த வீட்டிலையோ?" என்று கேட்டார். பாவமாக இருந்தது. ஆனால் அவருக்காகக் கதவுக்குப் பின்னால் நின்று இடியப்பம் கேட்க நான் இனிமேலும் போவதாக இல்லை. இரவில் துணைக்குத் தன் மூத்த மகளை அனுப்புவதாக ராத்தா சொன்னாள். புடவைக்கடைக்காரர் தானும் ஒரு கண் வைத்திருப்பதாகச் சொன்னார். என் கணவர் ஒரேயொரு பெட்டியோடு ரயிலேறினார். ரயில் போன பிறகு நான் கண்டி ஸ்டேசன் வாங்குப் பலகையில் இருந்து நன்றாக அழுதுவிட்டு, முதல் பாடத்துக்குப் பிந்திப் போனேன்.

முதல் மாதங்கள் கஷ்டம். மகனுக்குக் காய்ச்சல் வந்த ஒரு கிழமை, என்ன வேலை செய்துவிட்டேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மெல்ல மெல்ல என்னைக் கூப்பிடுவதை விட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அவரிடமிருந்து வந்த செய்திகள் சுருக்கமாக இருந்தன, சுகம் என்பார், மாமி சுகம் என்பார். என்ன பாடு படுகிறாரோ என்று நினைத்து எனக்குச் சோறு இறங்காத நாட்கள் உண்டு.

தவணை விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். படலையைத் திறந்ததும், மாமரத்துக்குக் கீழே சாய்மனைக் கதிரையில் என் கணவர் சால்வையால் விசிறிக்கொண்டு சாய்ந்திருந்தார். கன்னம் வைத்திருந்தது, வயிறும் வைத்திருந்தது. பக்கத்தில் அம்மா நின்று, கிணற்றடி வேலியை இந்த வருடம் அடைப்பதா அடுத்த வருடம் அடைப்பதா என்று அவரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். கதவில்லை, மறைப்பில்லை, நேருக்கு நேர். நடுவில் நிற்க நான் இல்லாமல் போகவே, இருவரும் வேறு வழியில்லாமல் பேசத் தொடங்கி, பேசப் பேசச் சிநேகிதமாகிவிட்டார்கள். பத்து வருடம் பயந்த பயம் அம்மாவின் நண்டுக்கறியோடு முடிந்திருக்கிறது.

என்னைக் கண்டதும் என் கணவர் எழுந்து முகம் மலர வரவேற்றார்.

"வாரும், வாரும். பிரயாணம் எப்பிடி? எத்தினை நாள் நிப்பீர்?"

என் சீதன வீட்டில், என் பெயரில் எழுதிய வளவில் நின்று, என்னிடம் கேட்கிறார். நாக்கின் நுனிவரை ஒரு சொல் வந்தது. அதற்குள் அம்மா, பிள்ளை களைச்சு வந்திருக்கிறாள் தம்பி, முதல் சாப்பிடட்டும் என்று எனக்காக அவரிடம் பரிந்து பேசினார். அதைக் கேட்டு எனக்குக் கோபமும் போய்ச் சிரிப்புத்தான் வந்தது. கை கால் கழுவிவிட்டு எல்லோருமாகச் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா மருமகனுக்கு முதலில் போட்டார், எனக்குப் பிறகு போட்டார்.

"கனநாள் நிக்கேலாது" என்றேன், அவர் கேட்ட கேள்விக்கு. "பள்ளிக்கூடம் துவங்க முந்தி வீட்டுக்குப் போயிடவேணும்."

அம்மா அகப்பையோடு நின்றுவிட்டார். "எந்த வீட்டுக்கு?" என்று கேட்டார். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். என் கணவர்தான் தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"கண்டிக்கு, மாமி. அவவின்ர வீடு அங்கைதானே."

அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாதவருக்குச் சொல்வது போல் சொன்னார். அம்மா என் தட்டில் இன்னும் ஒரு நண்டை வைத்தார். ஊருக்குக் கொண்டுபோ என்று பிள்ளையாரிடம் அழுது அழுது கேட்ட அந்த ஊரில் இருந்துகொண்டு, நான் தலைகுனிந்து சாப்பிட்டேன். கண்ணீர் வந்தது. உறைப்பு என்று சொன்னேன்.